எல்லாரும் வேர்டு, நான் மட்டும் லிப்ரேஆபீஸ்: கோளாறைப் பார்த்து வழி காண்பது

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஆசிரியர் அறையில் இருக்கிற கணினிகளிலெல்லாம் விண்டோஸும் வேர்டும். என் மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதில் வேர்டு, எக்செல் வேலைகளைச் செய்யும் லிப்ரேஆபீஸ். வீட்டிலும் இதே கதைதான். அண்ணன், மதினி, பெரியப்பா, சென்னையிலிருக்கும் அத்தை மகன் எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மடிக்கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல் எனக்குத் தெரிந்த சிலர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். லினக்ஸ் போடுவதில் அவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. போட்டபின் மற்றவர்களோடு கோப்பைக் கொடுத்து வாங்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாறியது நாம். அதனால் ஒத்துப்போகிற வேலையும் நம்முடையது. “நீங்களும் லிப்ரேஆபீஸ் போடுங்க” என்று எதிரில் இருப்பவரிடம் சொல்வது எந்தக் கோளாறுக்கும் மருந்தல்ல. கீழே இருப்பவை பெரும்பாலும் நம் கணினியில் நாம் செய்துகொள்ளக்கூடியவை.

எந்தக் கோளாறு வந்தாலும் அமைப்புகளில் கைவைக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கோப்பு அவர்கள் திரையில் எப்படித் தெரிகிறதோ, அதை அப்படியே போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் திரையையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எழுத்துருவிலா, கோப்பு வகையிலா, அமைப்பிலா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

“சார், நீங்க அனுப்புன ஃபைலு தொறக்க மாட்டேங்கு”

லிப்ரேஆபீஸின் சொந்தக் கோப்பு வகையான ஓடிடியில் (.odt) சேமித்து அனுப்பியிருப்பீர்கள். வேர்டு 2007-இன் இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்தே ஓடிடி கோப்பு அதில் திறக்கும். ஆனால் இன்று பாதிப் பேர் கோப்பைத் திறப்பது வாட்ஸ்அப்பிலிருந்து, போனில். அங்கே இதைத் திறக்கச் செயலி இல்லை என்று வந்து நின்றுவிடும்.

டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லோடு/சேவ் → ஜெனரல் போங்கள். அங்கே எழுத்து ஆவணத்துக்கு வேர்டு வகையான டாக்எக்ஸ், விரிதாளுக்கு எக்செல் வகையான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று இயல்பு வகையை மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது “வேர்டு வகையிலேயே வைக்கவா?” என்று கேட்கும். ஆமாம் என்று சொல்லுங்கள்.

மற்றவர்கள் திருத்தப்போகிற கோப்பு என்றால் முதல் வரியிலிருந்தே டாக்எக்ஸில் எழுதுங்கள். ஓடிடியில் எழுதி, மாற்றி அனுப்பி, திரும்பி வந்ததை மறுபடி ஓடிடி ஆக்கினால் ஒவ்வொரு தாண்டலிலும் ஏதாவது ஒன்று உதிரும். வெறுமனே படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள். பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும் இடத்தில் ‘ஹைப்ரிட்’ என்று ஒரு தெரிவு உண்டு. அதை டிக் செய்தால் அதே கோப்பு மற்றவர்களுக்குப் பிடிஎஃப், உங்களுக்குத் திருத்தக்கூடிய ஆவணம். நான் சுற்றறிக்கைகளை அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

“தமிழெல்லாம் இங்கிலீஷ் எழுத்தா குப்பை மாதிரி வருது”

எங்கள் பக்கம் அதிகம் வருகிற கோளாறு இதுதான். இதற்கும் லிப்ரேஆபீஸுக்கும் தொடர்பே இல்லை. அப்படி வருகிற கேள்வித்தாள் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் அடிக்கப்பட்டது. இவை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துத் தரமான யுனிகோடுக்கு முந்திய வழக்கு. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். ‘தமிழ்’ என்ற சொல் பாமினிக் கோப்புக்குள் உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். விண்டோஸ் வைத்திருக்கும் இன்னொருவருக்கு அனுப்பினாலும் பாமினி இல்லாவிட்டால் இதே குப்பைதான்.

பாமினியை உங்கள் கணினியில் நிறுவிக்கொண்டால் படிக்கலாம். அது அன்றைக்கு மட்டும் உதவும். தேடினால் கிடைக்காது, போனில் தெரியாது, அடுத்த வருடம் அதே கேள்வியை எடுக்கப் போனால் மறுபடி இதே பாடு. தமிழக அரசே 2010-இல் யுனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆகவே யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸில் என்எச்எம் கன்வெர்ட்டர் உண்டு. லினக்ஸில் பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகத்திலேயே பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி என்ற பழைய முறைகள் எல்லாவற்றுக்கும் மாற்றிகள் இருக்கின்றன. உலாவியிலேயே ஒட்டி மாற்றித்தரும் பக்கங்களும் உண்டு. இன்னும் நடக்காத தேர்வின் கேள்வித்தாளை மட்டும் தயவுசெய்து அங்கே ஒட்டாதீர்கள்.

மாற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. மாற்றிக்கு எது பாமினி, எது நிஜமான ஆங்கிலம் என்று தெரியாது. அறிவியல் கேள்வித்தாளில் எல்இடி என்று ஆங்கில எழுத்தில் இருந்தது ‘டுநுனு’ என்று வந்து நின்றது. முழுத்தாளையும் ஒரேயடியாக மாற்றினால் அளவைகள், வாய்பாடுகள், வேதிக்குறியீடுகள் எல்லாம் இப்படித்தான் ஆகும். அதற்கு நான் செய்வது இது: லிப்ரேஆபீஸில் வேர்டுக்கு இணையான ரைட்டரில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் திறந்து, ஃபார்மட் பொத்தானில் எழுத்துருவாகப் பாமினியைக் கொடுத்து, தேடும் இடத்தில் புள்ளியும் உடுக்குறியும் (.*) போட்டு, ரெகுலர் எக்ஸ்பிரஷனை டிக் செய்து எல்லாவற்றையும் தேடச் சொல்வேன். பாமினியில் உள்ளவை மட்டும் தேர்வாகி நிற்கும். எது தமிழ், எது ஆங்கிலம் என்று கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அவற்றுக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டு, நிறம் உள்ள பகுதிகளை மட்டும் மாற்றுகிறேன். ஆறு பக்கக் கேள்வித்தாளுக்கு அரைமணி நேரம் ஆகும். ஒருமுறை மாற்றிவிட்டால் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

“நான் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவ. எனக்கு அந்தக் கை பழக்கம்தான் வரும், புதுசு வராது” என்று எங்கள் தமிழாசிரியை சொன்னார். நியாயமான பேச்சு. பழக்கம் விசைப்பலகையைச் சேர்ந்தது, எழுத்துருவைச் சேர்ந்ததல்ல. லினக்ஸில் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுக் கருவியை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையோடு டைப்ரைட்டர் அமைப்பும் கிடைக்கும். விரல் பழைய இடத்துக்கே போகும், கோப்புக்குள் விழுவது யுனிகோடு. அவர் விண்டோஸிலேயே இருக்கிறார். அங்கும் என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு அமைப்பை வைத்துக் கொடுத்தேன். இப்போது அவரிடமிருந்து வரும் தாள் நேராகத் திறக்கிறது. புதிதாகத் தட்டச்சுப் பழகுகிற பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். 1999-இல் அரசு ஏற்ற அமைப்பு அது, வேகமும் கிடைக்கும்.

“நாலு பக்கத்துல முடிஞ்ச தாளு உங்ககிட்ட அஞ்சு பக்கமா போகுது”

இங்கே குற்றவாளி எழுத்துருவின் அகலம். வேர்டில் 2007 முதல் பல ஆண்டுகள் கேலிப்ரிதான் இயல்பு எழுத்துரு. அது உங்களிடம் இல்லை. லிப்ரேஆபீஸ் வேறொன்றைப் போட்டு நிரப்பும், அதன் அகலம் வேறு, வரி உடைகிற இடமும் மாறும். கேலிப்ரிக்கு அச்சாக அதே அகலத்தில் செய்த எழுத்துரு கார்லிட்டோ. கேம்ப்ரியாவுக்குக் காலடியா. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் லிபரேஷன் குடும்பம். மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜரில் கார்லிட்டோ, காலடியா என்று தேடி நிறுவிவிட்டு லிப்ரேஆபீஸை மூடித் திறங்கள். ஆங்கிலத் தாள்கள் அநேகமாக நேராகிவிடும்.

தமிழுக்கு இப்படிச் சம அகல மாற்று கிடையாது. விண்டோஸில் லதா, விஜயா, நிர்மலா என்று வரும். நம்மிடம் நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித், மீரா இனிமை இருக்கும். டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லிப்ரேஆபீஸ் → ஃபான்ட்ஸ் பக்கத்தில் மாற்று அட்டவணையை டிக் செய்து, நிர்மலா யுஐ வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று பதிந்துவையுங்கள். குறைந்தபட்சம் எது எதுவாக மாறுகிறது என்பது உங்கள் கையில் இருக்கும்.

நீங்கள் அனுப்புகிற கோப்பு அவர்களிடம் சிதறினால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். ஃபைல் → ப்ராப்பர்டீஸ் → ஃபான்ட் பக்கத்தில் ‘எம்பெட்’ என்பதை டிக் செய்யுங்கள். அதற்குக் கீழே லத்தீன், ஏசியன், காம்ப்ளெக்ஸ் என்று மூன்று பெட்டிகள் இருக்கும். தமிழ் ‘காம்ப்ளெக்ஸ்’ வகையில் வருவது. அந்தப் பெட்டியை விட்டுவிட்டால் தமிழ் எழுத்துரு கோப்போடு போகாது.

இவ்வளவு செய்தும் தாள் கோணலாக இருந்தால் பத்தி அடையாளத்தைத் திறந்து பாருங்கள். கண்ட்ரோலும் எஃப் 10-உம் சேர்த்து அழுத்தினால் போதும். எங்கள் காலாண்டுத் தாளில் இதைத் திறந்தபோது வரிசை வரிசையாகப் புள்ளிகள், எறும்பு போவது போல. ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ பகுதியில் அ, ஆ, இ, ஈ நான்கும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்தப்பட்டிருந்தன. வலது ஓரத்து மதிப்பெண்ணும் அப்படியே. ஸ்பேஸால் நகர்த்தியது எழுத்துரு மாறிய நொடியில் நகர்ந்துவிடும், வேர்டிலும்தான். நான்கு கட்டம் உள்ள ஓர் அட்டவணையைப் போட்டு அதன் கோடுகளை மறைத்துவிட்டேன். மதிப்பெண்ணுக்கு வலது டேப் நிறுத்தம் வைத்தேன். அந்த வார்ப்புருவை டாக்எக்ஸாக எல்லாருக்கும் கொடுத்தேன். லிப்ரேஆபீஸ் என்ற பெயரே எடுக்கவில்லை. தாள் ஒழுங்காக நிற்கிறது என்பதால் இப்போது எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தமிழ் எழுத்தின் அளவை மாற்றினால் மாறவில்லை

லிப்ரேஆபீஸ் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழுக்குத் தனியாக ஓர் எழுத்துருவும் அளவும் வைத்துக்கொள்ளும். வேர்டு கோப்பின் உள்ளேயும் இதேபோல இரண்டு எண்கள் பதிவாகின்றன. ஆங்கிலத்துக்கு 12, தமிழுக்கு 10 என்று இருந்தால் ஒரே வரியில் தமிழ் மட்டும் சிறுத்துத் தெரியும். ஃபார்மட் → கேரக்டர் திறந்து இரண்டு இடத்திலும் ஒரே அளவைக் கொடுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் அண்ட் லோக்கேல்ஸ் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டைத் தமிழ் ஆக்கிவிட்டு, ரைட்டர் பகுதியின் அடிப்படை எழுத்துருப் பக்கத்தில் தமிழுக்கானதையும் அமைத்துவிடுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து தமிழை எடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து போகின்றன

பிடிஎஃப் பெரும்பாலும் எழுத்தின் உருவத்தைத்தான் வைத்திருக்கிறது, வரிசையை அல்ல. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதால் ஒட்டும்போதும் முன்னாலேயே வந்து விழும். திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளும் அதன் தமிழ்த் தரவும் நிறுவி, பக்கத்தைப் படமாக்கிப் படிக்கவையுங்கள். நல்ல அச்சாக இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

வரிக் கணக்கில் தேதி தலைகீழாகிவிட்டது

வீட்டுப் பக்கத்துக் கதை இது. எங்கள் குலதெய்வம் சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிப்போம். கணக்கு பெரியப்பாவிடம். யார் எப்போது எவ்வளவு கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரிவரியாக அனுப்புவார், நான் விரிதாளில் ஒட்டுவேன்.

“எய்யா, நான் பங்குனி கடைசில கொடுத்தேன், நீ மே மாசத்துல போட்டிருக்கியே” என்று வில்லுப்பாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போன இடத்தில் வைத்துச் சித்தப்பா கேட்டார். 05/04 என்று இருந்ததை விரிதாள் மே 4 என்று எடுத்திருந்தது. மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்ததுதான் காரணம். அங்கே மாதம் முன்னால், நாள் பின்னால்.

இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. தேதிப் பத்தியை அகலமாக்கிப் பாருங்கள். சில தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்திலும் சில இடது ஓரத்திலும் நிற்கும். வலதில் நிற்பவை தேதியாக எடுக்கப்பட்டவை. இடதில் நிற்பவை 13/04, 22/04 போன்றவை. பதின்மூன்றாவது மாதம் இல்லை என்பதால் விரிதாள் அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. இடதில் நிற்பவை சரி செய்யக்கூடியவை. வலதில் நிற்பவையில்தான் தப்பு ஒளிந்திருக்கிறது.

முதலில் லாங்குவேஜஸ் அண்ட் லோக்கேல்ஸில் லோக்கேலை இங்கிலீஷ் (இந்தியா) ஆக்குங்கள். ஆயிரப் பிரிப்பும் நம் வழக்கப்படி 1,25,000 என்று வரும். ஏற்கெனவே தப்பாகப் பதிந்த தேதிகள் தானாகத் திரும்பாது. அந்தப் பத்தியை அழித்துவிட்டு மூலச் செய்தியிலிருந்து மறுபடி ஒட்டுங்கள். ஒட்டும்போதோ, டேட்டா → டெக்ஸ்ட் டு காலம்ஸ் வழியாகவோ, பத்தியின் வகையை நாள்-மாதம்-வருடம் என்று தேர்ந்தெடுங்கள். கோயில் கணக்கில் ஒரு தேதி தப்பினால் அது கணினிக் கோளாறாக யார் கண்ணுக்கும் தெரியாது, பங்காளிகளுக்குள் பேச்சாகிவிடும். அதனால் இந்த ஒன்றை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.

அத்தை மகன் அனுப்பிய விரிதாளில், பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் வாய்பாடு இருந்தது. எனக்குப் பெயர்ப் பிழை என்று காட்டியது. லிப்ரேஆபீஸில் அந்த வாய்பாடு 24.8 பதிப்பில்தான் வந்தது. மின்ட் 22-ஓடு வருவது 24.2. லினக்ஸ் செயலிகள் கிடைக்கும் ஃப்ளாட்ஹப் தளத்திலிருந்து புதிய பதிப்பைப் போட்டதும் சரியானது. அப்படிப் போட முடியாதவர்கள் அதை இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம், இரண்டு பக்கமும் ஓடும்.

அச்சகம் கொடுத்த நோட்டீஸ் கோப்பு

கொடை நோட்டீஸோ கல்யாணப் பத்திரிகையோ, திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் இருக்கிற அச்சகங்களில் நான் பார்த்தவரை கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில்தான் வேலை நடக்கிறது. அந்தக் கோப்பு லிப்ரேஆபீஸ் டிராவிலும் இங்க்ஸ்கேப்பிலும் திறக்கும். படத்தையும் அமைப்பையும் பார்க்கலாம், பெயர்கள் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் அங்கே திருத்தித் திருப்பி அனுப்பாதீர்கள், அச்சக எழுத்துரு நம்மிடம் இருக்காது. “அண்ணாச்சி, புரூஃபைப் பிடிஎஃப்பா குடுங்க” என்று கேளுங்கள், தருவார்கள். பிழைகளைத் தாளில் எண் போட்டு எழுதியோ, பிடிஎஃப்பில் குறித்தோ கொடுங்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் யுனிகோடில் தட்டச்சுச் செய்து முதலிலேயே கொடுத்துவிட்டால் முன்னெழுத்துப் பிழைகள் பெரிதும் குறையும்.

குடும்பத்தார் எல்லாம் வாட்ஸ்அப்பில்

2021 தொடக்கத்தில் வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது நிறையப் பேர் சிக்னல் என்ற செய்திச் செயலிக்குப் போனார்கள். ஜோஹோ நிறுவனத்தின் அரட்டை செயலியும் அதே ஆண்டு வந்தது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோவுக்கு அலுவலகம் இருப்பதால் அரட்டை மீது எங்கள் பக்கத்தில் தனிப் பாசம். ஆனாலும் எழுபத்தாறு வயது ஆச்சி வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார். ஆச்சி இருக்கிற இடத்தில்தான் குடும்பம் இருக்கும்.

நான் குழுவை நகர்த்த முயலவில்லை. வாட்ஸ்அப் வெப்பை உலாவியில் திறந்துவைத்திருக்கிறேன். லினக்ஸில் எந்தச் சிக்கலும் இல்லை. வங்கி விவரம், மருத்துவ அறிக்கை போன்றவற்றை அண்ணனும் நானும் மட்டும் சிக்னலில் பகிர்ந்துகொள்கிறோம். இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் போதும். வீடியோ அழைப்புக்கு ஜிட்சி மீட் இணைப்பு அனுப்பினால் கணினி வைத்திருப்பவர்கள் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே வந்துவிடலாம்.

வளைகுடாவிலிருந்து மச்சான் ஐபோனில் எடுத்து அனுப்பும் படங்கள் திறக்கவில்லை என்றால் அவை எச்இஐசி வகை. மின்ட்டில் அந்த வகையைத் திறக்க உதவும் ஹெய்ஃப் (heif) ஆதரவுக்கான தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். அவர் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ வைத்துக்கொண்டாலும் சரிதான், ஆனால் அது அவர் விருப்பம். வாட்ஸ்அப்பில் படம் தெளிவில்லாமல் வந்தால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கே தீராதவை

சிலவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். கணக்கு மென்பொருளான டேலிக்கு விண்டோஸ்தான். விபிஏ மேக்ரோ, அதாவது தானாக ஓடும் உள் நிரல், கனமாக எழுதப்பட்ட எக்செல் படிவங்கள் லிப்ரேஆபீஸில் பாதி ஓடும், பாதி நிற்கும். அப்படிப்பட்டதை நிரப்பி அனுப்பிவிட்டுப் பிறகு தவித்துக்கொண்டிருக்க முடியாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனை லினக்ஸில் ஓடவைக்கலாம்தான், ஆனால் கடைசி நாளில் முதல்முறையாக முயல வேண்டாம். தனக்கென்று ஒரு தனி மொழி வைத்திருக்கும் பழைய லேசர் பிரிண்டர்களும் இந்தக் கூட்டம்தான். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஏர்பிரிண்ட் உள்ளதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனி டிரைவர் தேவையில்லை.

இந்த வேலைகளுக்கு அண்ணன் கடையில் இருக்கும் விண்டோஸ் கணினியில் மாதம் ஒருமுறை உட்காருகிறேன். முந்தின நாளே படிவத்துக்கான விவரங்களை எல்லாம் லிப்ரேஆபீஸில் ஒரு தாளில் தட்டச்சுச் செய்து பென்டிரைவில் எடுத்துக்கொள்வேன். அங்கே ஒட்டுகிற வேலை மட்டும்தான். முடிந்ததும் நிரப்பிய படிவத்தைப் பிடிஎஃப்பாக அதே பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.